1996, 2002, 2008: பழைய ஷாம்பெயின்களை ஒரே இரவில் குடித்துப் பார்ப்பது எப்படி?

கேள்வியின் சாரம் இது. நண்பர் ஒருவருக்கு அவருடைய மாமனார் வழியாக நான்கு ஷாம்பெயின் பாட்டில்கள் வந்திருக்கின்றன. மூன்றில் 1996, 2002, 2008 என்று ஆண்டு போட்டிருக்கிறது, நான்காவதில் ஆண்டே இல்லை. ஆறு பேர் சேர்ந்து ஒரு சனிக்கிழமை இரவு, சாப்பாட்டோடு நான்கையும் திறக்கப் போகிறார்கள். இத்தனை வருஷத்தில் கெட்டுப்போயிருக்காதா, எதை முதலில் ஊற்றுவது, என்ன சமைப்பது, 2008-ஐ மட்டும் திறக்காமல் வைத்திருக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் வேலையாகப் பாட்டில்களைத் திருப்பிப் பின்பக்க லேபிளைப் படியுங்கள். முன்பக்கம் இருப்பது திராட்சை பறித்த ஆண்டு. பின்பக்கம் பொடி எழுத்தில் இன்னொரு தேதி இருக்கலாம். பாட்டிலிலிருந்து ஈஸ்ட் வண்டலை வெளியே எடுத்த தேதி அது. பழைய ஷாம்பெயின் விஷயத்தில் நான் முதலில் தேடுவது அதைத்தான். 1996 என்று போட்ட இரண்டு பாட்டில்களில் ஒன்றுக்கு 2004-இலும் மற்றதற்கு 2014-இலும் வண்டல் எடுத்திருந்தால், அவை ஒரே தோட்டத்து ஒயினாக இருந்தாலும் கிளாஸில் வேறு வேறு ஆட்கள்.

ஏன் என்று புரிய, ஷாம்பெயின் எப்படி உருவாகிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஷார்டனே, பினோ நுவார், முனியே ஆகிய திராட்சைகளிலிருந்து முதலில் குமிழ் இல்லாத, நல்ல புளிப்புள்ள வெள்ளை ஒயினைச் செய்கிறார்கள். அதைப் பாட்டிலில் ஊற்றி, லிட்டருக்குச் சுமார் 24 கிராம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து, பெரும்பாலும் சோடா பாட்டிலுக்குப் போடுகிற மாதிரி மூடியைப் போட்டு, நிலவறையில் அடுக்கிவிடுகிறார்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று கார்பன் டை ஆக்ஸைடை விடுகிறது. போக வழியில்லாமல் அது ஒயினிலேயே கரைந்து, உள்ளே சுமார் 6 வளிமண்டல அழுத்தம் உருவாகிறது. தின்று முடித்த ஈஸ்ட் செத்து, வண்டலாகப் படிகிறது.

செத்த ஈஸ்ட் சும்மா கிடப்பதில்லை. அதன் செல்கள் மெல்ல உடைந்து அமினோ அமிலங்களையும் புரதங்களையும் ஒயினுக்குள் விடுகின்றன. பேக்கரி வாசனை, வறுத்த பாதாம், நாக்கில் ஒரு வழவழப்பு எல்லாம் அங்கிருந்து வருபவை. அதைவிட முக்கியமான இன்னொரு வேலையும் அந்த வண்டல் செய்கிறது: உள்ளே நுழையும் ஆக்ஸிஜனை அது பிடித்துக்கொள்கிறது. மேலே எண்ணெய் நிற்கும்வரை ஜாடியில் ஊறுகாய் கெடாமல் இருப்பதுபோல, வண்டல் இருக்கும்வரை ஒயினுக்குக் காவல் உண்டு. அதனால் வண்டலோடு 20 வருஷம் கிடந்த ஒயின்கூட வியக்கும் அளவுக்கு இளமையாக இருக்கும்.

பிறகு பாட்டிலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தலைகீழாக்கி, வண்டலைக் கழுத்துக்குக் கொண்டுவந்து, கழுத்தை மட்டும் உறைய வைத்து மூடியைத் திறக்கிறார்கள். அழுத்தத்தில் வண்டல் கட்டியாகத் தெறித்து வெளியே வந்துவிடும். குறைந்த அளவை ஈடுசெய்ய ஒயினும் கொஞ்சம் சர்க்கரையும் சேர்த்துக் கார்க் அடிக்கிறார்கள். இந்தச் சர்க்கரைக் கணக்குதான் லேபிளில் தெரிவது: ப்ரூட் என்றால் லிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே, எக்ஸ்ட்ரா ப்ரூட் என்றால் 6 வரை. அந்த நிமிடத்திலிருந்து காவல் போய்விட்டது. திறந்தபோது உள்ளே போன காற்றும், கார்க் வழியே வருஷக்கணக்காகக் கசியும் காற்றும் வேலையைத் தொடங்குகின்றன. பச்சை ஆப்பிளும் எலுமிச்சையும் மெல்ல விலகி, தேன், உலர்ந்த அத்திப்பழம், காபி, காளான், ஈரமண் என்று வாசனை மாறுகிறது. சேர்த்த சர்க்கரையும் ஈஸ்ட் விட்டுப்போன அமினோ அமிலங்களும் மிக மெதுவாக வினைபுரிவதாலும் அந்த வறுத்த வாசனை கூடுகிறது.

ஆக, ‘பழைய ஷாம்பெயின்’ என்று ஒரே பெயரில் சொல்வதற்குள் இரண்டு வகை முதுமை இருக்கிறது. வண்டலோடு கழிந்த காலம் ஒன்று, கார்க்கோடு கழிந்த காலம் இன்னொன்று. சட்டப்படி ஆண்டு போடாத ஷாம்பெயின் குறைந்தது 15 மாதமும், ஆண்டு போட்டது 3 வருஷமும் நிலவறையில் இருக்க வேண்டும். நல்ல நிறுவனங்கள் இதைவிட நீண்ட காலம் வைத்திருப்பார்கள். சிலர் இதையே தனிச் சரக்காக்கிவிட்டார்கள். போலிஞ்சர் நிறுவனம் 1952 அறுவடையை நெடுங்காலம் வண்டலோடு வைத்திருந்து, 1967-இல் ‘ஆர்.டி.’ என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ‘அண்மையில் வண்டல் எடுத்தது’ என்பதன் பிரெஞ்சுச் சுருக்கம் அது. டோம் பெரினியோன் என்ற புகழ்பெற்ற ஷாம்பெயின் முத்திரை தன் ஒயினைச் சுமார் 15 வருஷத்துக்குப் பிறகு ‘பி2’ என்றும், 25-ஐத் தாண்டி ‘பி3’ என்றும் மறுபடி வெளியிடுகிறது.

உங்கள் நான்காவது பாட்டிலுக்கு வருகிறேன். ஆண்டு போடாததை யாரும் மதிப்பதில்லை, அது தப்பு. பல வருஷத்து ஒயின்களைக் கலந்து செய்ததால்தான் ஆண்டு இல்லை. அது க்ரூக் நிறுவனத்துடையது என்றால், 2011-க்குப் பிறகு வந்தவற்றில் பின்பக்கம் ஓர் அடையாள எண் இருக்கும். முதல் இலக்கம் காலாண்டு, அடுத்த இரண்டு இலக்கம் ஆண்டு: 214 என்று தொடங்கினால் 2014-இன் இரண்டாம் காலாண்டில் வண்டல் எடுத்திருக்கிறார்கள். வேறு நிறுவனங்களில் தேதி நேராகவே அச்சாகியிருக்கலாம். எங்குமே இல்லையென்றால் கார்க்கைப் பாருங்கள். புதிதாக அடித்த கார்க் வெளியே வந்ததும் அடிப்பக்கம் பாவாடைபோல விரியும். வருஷக்கணக்காக இறுகிக் கிடந்தது விரியாமல் ஆணிபோல ஒல்லியாக வரும். பிரெஞ்சுக்காரர்களும் இதே பாவாடை, ஆணி என்ற சொற்களால்தான் இரண்டையும் குறிக்கிறார்கள்.

நீண்ட காலம் வண்டலோடு இருந்ததுதான் உசத்தி என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. அப்படி விற்பவற்றின் விலையும் அதற்கு ஒரு காரணம். நான் அந்தக் கட்சி இல்லை. ஒரே அறுவடையின் இரண்டு வடிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றிய ஒரு விருந்தில் மேசை சரிபாதியாகப் பிரிந்தது. ஒயின் அதிகம் குடிக்காதவர்கள் எல்லோருமே சீக்கிரம் வண்டல் எடுத்து, பல வருஷம் கார்க்கோடு கிடந்த பாட்டிலைப் பிடித்துக்கொண்டார்கள். தேனும் காளானும் கலந்த அந்த வாசனை யாரும் சொல்லிக்கொடுக்காமலே புரிந்துவிடுகிறது. தாமதமாக வண்டல் எடுத்ததோ இறுக்கமாக, சுண்ணாம்புக் கல்லை நக்கியதுபோல, கொஞ்சம் படித்த பிள்ளை தோரணையில் இருந்தது. அதைப் புகழ்ந்தவர்கள் தொழிலில் இருப்பவர்கள். எனக்கு முதலாவதுதான் பிடிக்கும். சிவந்த பொன்னிறத்துக்கு வந்த, குமிழ் அடங்கிய ஷாம்பெயினில் ஒரு நிதானம் இருக்கிறது.

கெட்டுப்போயிருக்குமா என்பதை வயது தீர்மானிப்பதில்லை, வைத்திருந்த இடம்தான் தீர்மானிக்கிறது. பால்டிக் கடலில், ஃபின்லாந்தின் ஓலந்து தீவுகள் அருகே 2010-இல் முங்குவோர் ஒரு மூழ்கிய கப்பலைக் கண்டுபிடித்தார்கள். சுமார் 50 மீட்டர் ஆழத்தில், இருட்டிலும் குளிரிலும் 168 ஷாம்பெயின் பாட்டில்கள் சுமார் 170 வருஷமாகக் கிடந்தன. வவ் க்ளிகோ, ஹைட்சிக், ஜுக்லார் என்று மூன்று நிறுவனங்களுடையவை. பிரான்ஸின் ரீம்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிலிப் ஜான்தே குழுவினர் ஆராய்ந்து 2015-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். லிட்டருக்கு 140 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தது; அந்தக் காலத்து நாக்கு அப்படி. திறந்தவுடன் ஈர ரோமம், பாலாடைக்கட்டி என்று வாடை அடித்ததாகவும், கிளாஸில் சுழற்றிச் சற்றுக் காற்றுப்பட்டதும் புகை, மசாலா, தோல், பூ, பழம் என்று மாறியதாகவும் குடித்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். குமிழ் மட்டும் ஏறக்குறைய போய்விட்டிருந்தது. அதே ஒயின் சமையலறை அலமாரியில் பத்து வருஷம்கூடத் தாங்கியிருக்காது.

அதனால் நண்பரின் மாமனார் பாட்டில்களை எங்கே வைத்திருந்தார் என்று கேளுங்கள். 10, 12 டிகிரியில் மாறாமல் இருக்கும் நிலவறை என்றால் நம்பிக்கையோடு திறக்கலாம். வரவேற்பறைக் கண்ணாடி அலமாரி என்றால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். சூடு ஒரு பக்கம், வெளிச்சம் இன்னொரு பக்கம். வெளிச்சம் பட்ட ஷாம்பெயினில் வெந்த முட்டைக்கோஸ் வாடை வரும். லூயி ரோடரர் நிறுவனத்தின் ‘கிறிஸ்டல்’ என்ற ஷாம்பெயின் நிறமில்லாத கண்ணாடியில் வருவதால்தான் அதற்கு மஞ்சள் செலோபேன் சுற்றி விற்கிறார்கள். வெளிச்சத்தில் பிடித்து, ஒயின் கழுத்தில் எந்த மட்டம்வரை நிற்கிறது என்றும் பாருங்கள். நன்றாக இறங்கியிருந்தால் கார்க் கசிந்திருக்கிறது.

ஆண்டுகளைப் பற்றி. 1996-இல் பிரான்ஸின் ஷாம்பெயின் பகுதியில் சர்க்கரையும் புளிப்பும் இரண்டுமே அபூர்வமான அளவில் உயர்ந்திருந்தன. நூற்றாண்டின் அறுவடை என்றார்கள். பிறகு பாட்டில்கள் ஒன்றுக்கொன்று மாறுபட்டன. சிலவற்றில் பழச்சுவை காய்ந்து புளிப்பு மட்டும் எலும்பாகத் துருத்தியது, சில இன்றும் பிரமாதம். உங்கள் நான்கில் சூதாட்டம் இதுதான். 2002 பழுத்த, உருண்ட, எல்லோருக்கும் பிடிக்கிற ஆண்டு. 2008 குளிர்ந்த ஆண்டு, நீண்ட புளிப்பு, மெதுவாகத் திறக்கும் ஒயின். ரோடரர் தன் கிறிஸ்டல் 2008-ஐப் பின்தள்ளி 2009-ஐ முதலில் விற்றது, டோம் பெரினியோனும் அதையே செய்தது. 2008-க்கு இன்னும் காலம் தேவை என்று செய்தவர்களே நினைத்திருக்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

வரிசை. இளையதிலிருந்து மூத்ததுக்கு என்பதுதான் புத்தக வழக்கம். அதன் தொல்லை என்னவென்றால், 1996 வரும்போது ஆறு பேரும் பேச்சுச் சுவாரஸ்யத்தில் இருப்பார்கள், நாக்கும் களைத்திருக்கும். இரவின் மிக நுட்பமான ஒயினை யாரும் கவனிக்காத நேரத்தில் ஊற்றுவது வீண். என் வரிசை இப்படி இருக்கும்: ஆண்டு போடாததை வந்தவுடன், நின்றுகொண்டே. உட்கார்ந்ததும் 2008. அதன் பின்னாலேயே, முதல் உணவு வரும்போது 1996. பெரிய உணவோடு 2002. அது நிறைவானது, ஆர்ப்பாட்டமான மேசையையும் தாங்கும். 2008 கொஞ்சம் கிளாஸில் மிச்சம் இருக்கும்போதே 1996-ஐ ஊற்றினால், புளிப்பு மிகுந்த இரண்டு ஆண்டுகள் வயதில் எப்படிப் பிரிகின்றன என்பது பக்கத்தில் பக்கத்தில் தெரியும். அதற்காகவாவது ஆளுக்கு இரண்டு கிளாஸ் வையுங்கள்.

கிளாஸ் என்றதும் நீள ஒல்லிக் கிளாஸை எடுக்காதீர்கள். அதன் குறுகிய வாயில் கார்பன் டை ஆக்ஸைடு சேர்ந்து மூக்கில் குத்தும், வாசனை பிடிபடாது. வயிறு அகன்று வாய் சற்றுக் குறுகிய, சாதாரண வெள்ளை ஒயின் கிளாஸ் போதும். வெந்நீரில் நன்றாக அலசுங்கள், சோப்பு ஒட்டியிருந்தால் குமிழ் செத்துவிடும். குமிழைப் பார்த்து ஒயினை எடைபோடவும் வேண்டாம். ரீம்ஸ் பல்கலைக்கழக இயற்பியலாளர் ஜெரார் லிஜே-பெலேர் இதிலேயே பல வருஷம் ஆராய்ச்சி செய்தவர். கிளாஸில் ஒட்டிய துணி இழை, தூசி இவற்றுக்குள் சிக்கிய காற்றிலிருந்துதான் குமிழ்ச் சரம் கிளம்புகிறது என்று அவர் காட்டினார். ஒரே பாட்டிலிலிருந்து ஊற்றிய இரண்டு கிளாஸில் ஒன்று பொங்கும், ஒன்று அமைதியாக இருக்கும். அது ஒயினின் குற்றமில்லை. கிளாஸைச் சாய்த்து, பீர் ஊற்றுவதுபோல ஓரமாக ஊற்றினால் வாயு அதிகம் தங்கும் என்பதும் அவர் குழு 2010-இல் அளந்து சொன்னதுதான். 1996-இல் எஞ்சியிருக்கும் கொஞ்ச வாயுவுக்கு இந்த மரியாதை தேவை.

பாட்டில்களை முந்தின நாளே நிமிர்த்தி வையுங்கள். ஆண்டு போடாததும் 2008-உம் 8 முதல் 10 டிகிரி, மற்ற இரண்டும் 11, 12. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் கால் மணி நேரம் மேசையில் வைத்தால் சரியாக வரும். ஃப்ரீஸர் பக்கமே போக வேண்டாம். பழைய கார்க் உடையக்கூடியது. கம்பியை ஆறு அரைச் சுற்றில் தளர்த்தி, கழற்றாமலே கார்க்கோடு சேர்த்துப் பிடித்து, கார்க்கை அசைக்காமல் பாட்டிலைத் திருப்புங்கள். உடைந்துபோனால் பாட்டில் வாயை ஆள் இல்லாத பக்கம் காட்டி, மிச்சத்தைச் சாதாரணக் கார்க் திருகால் மெல்ல எடுக்கலாம்.

முதல் முகர்வில் முகம் சுளிக்க வேண்டாம், ஐந்து பத்து நிமிடம் கொடுங்கள். பழைய ஒயினின் பூட்டிய வீட்டு வாசனை காற்றுப்பட்டால் போய்விடும். நனைந்த செய்தித்தாள் வாடை மட்டும் போகாது, கூடிக்கொண்டே போகும். அது கார்க் கெடுதல், விட்டுவிடுங்கள். அடிபட்டுப் பழுப்பான ஆப்பிள் வாடை வந்தால் குடித்துப் பாருங்கள். விழுங்கிய பிறகும் புளிப்பு உயிரோடு நின்று, வாயில் ஊறினால் அது முதுமை மட்டும்தான். சட்டென்று வெறுமையாகிவிட்டால் முடிந்துபோன ஒயின். சுவை இருந்து வாயு மட்டும் இல்லாத பாட்டிலில், இளம் ஷாம்பெயினைக் கிளாஸுக்கு ஒரு மடக்கு கலந்து உயிர் கொடுப்பவர்கள் உண்டு. தூய்மைவாதிகள் அடிக்க வருவார்கள், ஆனால் பலிக்கிற வித்தை அது.

சாப்பாட்டில் நான் முதலில் கை வைப்பது காளான். பழைய ஷாம்பெயினுக்கும் காளானுக்கும் பொருத்தம் வெறும் மரபு இல்லை. செத்த ஈஸ்ட்டிலிருந்து வரும் குளுட்டமேட், உமாமி எனப்படும் அந்த இறைச்சிச் சுவையின் ஒரு பாதி. சிப்பியில் இருக்கும் நியூக்ளியோடைடுகள் என்ற பொருள்கள் மறுபாதி. இரண்டும் சேரும்போது சுவை பன்மடங்காகிறது என்று 2020-இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் விளக்கினார்கள். உலர்ந்த ஷீடாகே காளானிலும் அப்படியொரு நியூக்ளியோடைடு இருக்கிறது. ஆகவே 1996-க்கு வெண்ணெயில் வதக்கிய காளான், அல்லது காளான் ரிசோட்டோ. 2002-க்கு முழுக்கோழி ரோஸ்ட், தோல் மொறுமொறுவென்று. 2008-க்கு வேண்டுமானால் சிப்பியோ, எலுமிச்சை பிழிந்த மீனோ. பிறகு இரண்டு வருஷம் பழுத்த கோம்தே என்ற பிரெஞ்சு சீஸ். அதன் வறுத்த கொட்டை வாசனையும் பழைய ஷாம்பெயினும் ஒரே தெருக்காரர்கள்.

மிளகாயைத் தள்ளி வையுங்கள். நம் ஆட்கள் விருந்து என்றால் ஒரு காரக் குழம்பாவது வந்துவிடும், தெரியும். கார்பன் டை ஆக்ஸைடே நாக்கைச் சுருக்கென்று குத்தும் பொருள்தான். அதன்மேல் மிளகாயும் சேர்ந்தால் முப்பது வருஷ நுட்பம் எல்லாம் ஒரே எரிச்சலாகிவிடும். உப்பும் நெய்யும் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம், மிளகும் அளவாக இருந்தால் பரவாயில்லை. இனிப்பையும் இந்த ஒயின்களோடு பரிமாறாதீர்கள். ப்ரூட் ஷாம்பெயின் கேக்குக்குப் பக்கத்தில் வெறும் புளித்தண்ணீராகத் தெரியும்.

அளவு: நான்கு பாட்டில் என்றால் 3 லிட்டர், ஆளுக்கு அரை லிட்டர். 12 சதவீத ஆல்கஹாலில் அது குறைவில்லை. ஒரு தடவைக்கு 6, 7 சென்டிலிட்டர் ஊற்றி, மிச்சத்தைப் பாட்டிலிலேயே வைத்து அரை மணி கழித்து மறுபடி ஊற்றுங்கள், அதற்குள் ஒயினும் மாறியிருக்கும். யாரும் வண்டி ஓட்டிக்கொண்டு திரும்பக் கூடாது.

1996 செத்திருந்தால் கைகொடுக்க ஐந்தாவதாக ஒன்றை வாங்கி வையுங்கள், அதற்கு ஷாம்பெயின் விலை கொடுக்க வேண்டியதில்லை. ஸ்பெயினின் குமிழ் ஒயினான காவாவில் ‘கிரான் ரெசெர்வா’ என்று போட்டிருந்தால் குறைந்தது 30 மாதம் வண்டலோடு இருந்தது. இத்தாலியின் குமிழ் ஒயினான ஃப்ராஞ்சகோர்த்தா ‘ரிசெர்வா’ என்றால் 60 மாதம். இன்னொரு இத்தாலியக் குமிழ் ஒயினான ப்ரொசெக்கோ வேண்டாம். அது பெரும்பாலும் பாட்டிலில் இல்லாமல் பெரிய தொட்டியிலேயே நொதிக்க வைத்துக் குமிழ் உண்டாக்கி, உடனே குடிப்பதற்காகச் செய்வது. பழக வைத்தால் மங்கிப்போகும்.

கடைசியாக 2008. அதை ஒரு பாட்டில் மட்டும் வைத்திருப்பவருக்கு நான் சொல்வது, திறக்காதீர்கள் என்றுதான். 1996-ஐப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வாய்ப்புக்காக மேலே வரிசையில் சேர்த்தேன், அது உண்மையிலேயே நல்ல ஜோடி. ஆனால் நண்பரிடம் வெயில் படாத, சூடு ஏறாத இடம் இருந்து, பின்பக்கத் தேதியும் அண்மையதாக இருந்தால், அதன் இடத்தில் அந்தக் காவாவை ஊற்றிவிட்டு, 2008-ஐ இன்னும் ஆறேழு வருஷம் படுக்கப் போடலாம். அப்படி இடம் இல்லையென்றால் யோசிக்கவே வேண்டாம், இந்தச் சனிக்கிழமையே திறந்துவிடுங்கள்.